யாவும் கற்பனையே

அன்று காலை முப்பத்தொன்பது பெண்கள் ஆளுக்கு ஆறு சிவப்பு மாத்திரைகளை விழுங்கிவிட்டு, கணவன்மார் கையசைக்க, பாதாள மின்தூக்கியில் ஏறினார்கள். யாரும் அழவில்லை. கதவு மூடியதும் காவலர் உரக்க, "ஆனாலும்!" என்றார். கூடியிருந்தவர்களும் "ஆனாலும்!" என்று திருப்பிச் சொல்லிவிட்டு அவரவர் வேலைக்குக் கலைந்தார்கள்.

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ஸ்டெல்லாவுக்கு மட்டும் நகர மனம் வரவில்லை. இன்னும் ஒன்பது நாளில் அவளும் இறங்க வேண்டும். கல்யாணமாகி ஐந்து மாதம்தான் ஆகிறது.

செவ்வாயின் தென்துருவத்துக்குப் பக்கத்தில், நிலத்துக்கடியில் இருந்தது அந்தக் குடியிருப்பு. மொத்தம் நாலாயிரம் பேர். மேல்தளத்தில் வீடுகள், பாசித் தொட்டிகள், காற்று ஆலை. மின்தூக்கியில் ஒன்பது நிமிடம் இறங்கினால் பனிக்குகைகள். அங்கிருந்து வெட்டி அனுப்பும் பனியில்தான் மேலே குடிதண்ணீரும் மூச்சுக்காற்றும் கிடைத்தன. வெட்டுவது பெண்கள். கல்யாணமான ஒவ்வொரு பெண்ணும் ஆண்டுக்கு ஆறு மாதம் கீழே இருந்தாக வேண்டும். ஏன் என்று கேட்டால் ஏட்டைக் காட்டுவார்கள்.

குடியேறிய பதினோராம் ஆண்டில் ஒரு கதிர்ப்புயல் அடித்து, கணினிகளின் நினைவுக் கிடங்குகளைத் துடைத்துப் போட்டுவிட்டது. பூமியின் வரலாறு, பாட்டு, சட்டம், சமையல் குறிப்பு எதுவும் மிஞ்சவில்லை. காகிதத்தில் இருந்தவை மட்டும் தப்பின. பண்ணைக்கு ஒரு விதைப்பட்டியலும் சில சொற்குறிப்புகளும் போக, முழுசாகப் படிப்பதற்கென்று இருந்தது ஒரே ஒரு புத்தகம். யாரோ ஒரு பயணி பெட்டிக்குள் சொருகிக் கொண்டுவந்தது. அதிலும் அட்டையும் முதல் பதினேழு பக்கங்களும் இல்லை. பதினெட்டாம் பக்கம் இப்படித் தொடங்கியது: "ஆனாலும் உன்னை நான் விடமாட்டேன், வந்தனா! இருளுக்குள்ளிருந்து அந்தக் குரல் கேட்டது."

பெரியவர்களுக்குக் காற்றையும் தண்ணீரையும் கவனிக்கவே நேரம் போதவில்லை. பிள்ளைகள் வந்து பூமி எப்படி இருக்கும் என்று நச்சரித்தால், "எல்லாம் அதுல போட்டிருக்கு, போய்ப் படி" என்று அந்தப் புத்தகத்தைக் கையில் திணித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். பிள்ளைகள் படித்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் படித்தார்கள். இப்படி இருநூறு ஆண்டு ஓடியதில் அந்தப் புத்தகமே ஏடு ஆகிவிட்டது.

ஏட்டில் இருந்தது இதுதான்: சென்னை என்ற ஊரில் வந்தனா என்றொரு வங்கி ஊழியை. அருங்காட்சியகத்தில் ஒரு கிரேக்கச் சிலையைத் தொடுகிறாள். சிலைக்குள்ளிருந்து ஹேடீஸ் எழுந்து வருகிறான். இறந்தவர்களின் உலகத்துக்கு அரசன் அவன். கண்களில் நீல நெருப்பு. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அவள் பாதாளத்தில் ஆறு மாதுளை முத்துக்களைத் தின்றுவிடுகிறாள். "இனி ஆண்டுக்கு ஆறு மாதம் நீ இருளுக்குச் சொந்தம்" என்கிறான் அவன். மாதுளைக்குப் பதில் மாத்திரை, பாதாளத்துக்குப் பதில் பனிக்குகை. சட்டம் முதலில் வந்ததா, பனி வெட்ட ஆள் தேவைப்பட்டது முதலில் வந்ததா என்று யாரும் கேட்டதில்லை.

ஏட்டிலிருந்து எடுத்த ஆறு சட்டங்களுக்கு ஆறு கற்பனைகள் என்று பெயர். கற்பனை என்றால் அங்கே கட்டளை. பூமியிலும் தேவாலயத் தமிழில் பத்துக் கற்பனைகள் என்று சொல்லும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. அந்தப் பழக்கமுள்ள யாரோ விண்கப்பலில் வந்திருக்க வேண்டும். சொல்லின் இன்னொரு பொருள் அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை. நடந்ததைச் சொன்னால் செய்தி. நடக்காததைச் சொன்னால் பொய்; அதற்குத் தண்டனை மூன்று நாள் அரைத் தண்ணீர். இந்த இரண்டுக்கும் நடுவே வேறொன்று இருக்கக்கூடும் என்பது அந்த நாலாயிரம் பேரில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

பெயர்களும் ஏட்டிலிருந்தே வந்தன. அதில் மனிதர்களின் பெயர் பதினொன்றுதான். ஸ்டெல்லா என்பது வந்தனாவின் தோழி பெயர். ஸ்டெல்லாவின் கணவன் பெயர் மூக்கையா. தொண்ணூறாம் பக்கத்தில் மழையில் வந்தனாவை ஏற்றிக்கொண்டு போகும் ஆட்டோக்காரரின் பெயர் அது. ஆட்டோ என்றால் என்னவென்று தெரியாவிட்டாலும், நல்ல மனுஷனுக்கு வைக்கிற பெயர் என்பது எல்லாருக்கும் தெரியும்.

ஸ்டெல்லாவுக்குக் காற்றுக்குழாய்ப் பராமரிப்பில் வேலை. அன்று மூன்றாம் நடைபாதையில் ஒரு பழைய குழாய் விசிலடிப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இணைப்பைக் கழற்றினாள். இடுக்கில் பசை தடவி, ஏதோ ஒன்றை மடித்துச் சொருகியிருந்தார்கள். பிரித்துப் பார்த்தாள். காகிதம். இரண்டு தாள். ஏட்டில் இருக்கும் அதே எழுத்து.

குழாயை அப்படியே விசிலடிக்க விட்டுவிட்டுப் பாசித் தொட்டிகளுக்கு ஓடினாள். மூக்கையா முழங்கை வரை பச்சையாக நின்றுகொண்டிருந்தான்.

"கையத் தொடச்சிட்டு வா. சீக்கிரம்."

இருவரும் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தார்கள். முதல் தாளில் பெரிய எழுத்தில், "இருள்நாயகன் அழைக்கிறான்". அதற்குக் கீழே, "மாத நாவல்".

"நாவல்னா?" என்றாள் ஸ்டெல்லா.

"விதைப்பட்டியல்ல பாத்திருக்கேன். அது ஒரு மரம். பழம் ஊதாவா இருக்குமாம்."

"மரத்துல எப்படி வந்தனா வருவா?"

மூக்கையா யோசித்தான். "நெழல்ல நின்னிருக்கலாம்."

இரண்டாம் தாளில் ஒரு கடிதம் இருந்தது.

"வாசகத் தோழிகளுக்கு, வணக்கம். கிரேக்கப் புராணத்துப் பாதாள அரசனை நம்ம ஊர்ப் பெண் ஒருத்தி காதலித்தால் எப்படி இருக்கும் என்று வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது தோன்றியது. பதினோரே நாளில் எழுதி முடித்துவிட்டேன். வந்தனாவைப் போல ஆண்டுக்கு ஆறு மாதம் எங்கேயாவது போய்விடலாம் என்று எனக்கும் ஆசைதான். மாதுளை கொடுக்கத்தான் ஆளில்லை! படித்துவிட்டுக் கட்டாயம் கடிதம் போடுங்கள். அன்புடன், மதுரவேணி தாமோதரன்."

அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: "இந்த நாவலில் வரும் பெயர்கள், இடங்கள், நிகழ்ச்சிகள் யாவும் கற்பனையே."

ஸ்டெல்லா மூன்று முறை படித்தாள். ஒவ்வொரு முறையும் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை.

"தோணுச்சுங்கிறா. பாத்தேன்னு சொல்லல, கேட்டேன்னும் சொல்லல. தோணுறதுன்னா என்ன மூக்கையா?"

"எனக்கும் புரியல. ஆனா இவ சொல்றதப் பாத்தா, வந்தனா கீழ போகவே இல்ல போலிருக்கு."

"வந்தனாவே இல்ல போலிருக்கு."

சொல்லிவிட்டு அவளே பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள். ஏழு வயதில், அம்மா கீழே போன மாதங்களில், வந்தனா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்துத்தான் அவள் தூங்கியிருக்கிறாள். இப்போது அந்தக் கையை யாரோ சட்டென்று உருவிக்கொண்ட மாதிரி இருந்தது.

"இல்லாத ஒருத்தியப் பத்தி எதுக்கு இவ்ளோ எழுதணும்? பொய் சொன்னா அரைத் தண்ணியாச்சே."

"பயந்த மாதிரியே தெரியலயே. சிரிச்சிக்கிட்டுல்ல எழுதியிருக்கா."

"ஆனா அடியில பாரு. எல்லாம் கற்பனைன்னு போட்டிருக்கு. கட்டளைங்கிறா."

"கட்டளை போடுறவ எதுக்குக் கடிதம் போடுங்கன்னு கெஞ்சணும்?"

மூக்கையா தாள்களைப் பத்திரமாக மடித்து அவள் கையில் வைத்தான்.

"பொருளுரை மன்றத்துல குடு. நமக்குப் புரியாட்டியும் அவங்களுக்குப் புரியும். ஒருவேளை நீ போக வேண்டாம்னே ஆயிரலாம்."

ஏட்டுக்குப் பொருள் சொல்லும் தலைமைப் பொருளுரைஞரின் பெயர் இன்ஸ்பெக்டர் தேவசகாயம். இன்ஸ்பெக்டர் என்பதையும் பெயரின் ஒரு பகுதியாகவே அங்கே வைத்திருந்தார்கள். மெலிந்த மனிதர், ஐம்பது ஆண்டுகளாக நூற்று அறுபத்தொன்பது பக்கங்களை மட்டுமே படித்தவர். தாள்களைப் பார்த்ததும் ஸ்டெல்லாவைக் கையெடுத்துக் கும்பிட்டார். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனவர் மூன்று நாள் கழித்துத்தான் வெளியே வந்தார். மன்றத்தில் எள் விழ இடமில்லாத கூட்டம்.

"இத்தனை காலமாக நாம் பாவம் செய்துவந்திருக்கிறோம்" என்று தொடங்கினார். "ஏட்டில் ஆறு கற்பனைகள் மட்டுமே இருப்பதாக நம் முன்னோர்கள் நினைத்தார்கள். அது பிழை. பெயர்கள், இடங்கள், நிகழ்ச்சிகள், யாவும் கற்பனையே! ஒரு வரி விடாமல் எல்லாமே கட்டளை!"

ஸ்டெல்லாவுக்குத் தலை சுற்றியது. மூக்கையா அவளைப் பிடித்துக்கொண்டான். பக்கத்தில் நின்ற பெண்மணி, "பாருங்க, இந்தப் பொண்ணு அறுபத்தோராம் பக்கத்த ஆரம்பிச்சிட்டா" என்று மெச்சினாள். அந்தப் பக்கத்தில் வந்தனா மூன்று தலை நாயைப் பார்த்து மயங்கி விழுகிறாள்.

அடுத்த சில நாட்கள் குடியிருப்பு அல்லோலகல்லோலப்பட்டது. செவ்வாயில் நாய் இல்லை என்பதால் பெண்கள் வரிசையில் நின்று மூன்று குழாய்ப் பம்பு ஒன்றைப் பார்த்து மயங்கினார்கள். வந்தனா செவ்வாய்க்கிழமை வங்கிக்குத் தாமதமாகப் போகிறாள். வங்கி எதுவென்று தெரியாததால் எல்லாரும் எல்லா வேலைக்கும் தாமதமாகப் போனார்கள். காற்று ஆலை நாற்பது நிமிடம் நின்று, பலருக்கு மெய்யாகவே மயக்கம் வந்தது. நாற்பத்தாறாம் பக்கத்தில் வந்தனா ஹேடீசைக் கன்னத்தில் அறைகிறாள். வீட்டுக்கு வீடு அறை விழும் சத்தம் கேட்டது. சில வீடுகளில் தேவைக்கு மேலேயே கேட்டது.

"வலிச்சுதா?" என்றாள் ஸ்டெல்லா.

"இல்ல" என்று மூக்கையா கன்னத்தைத் தடவினான். "அடுத்து என்ன?"

"ஜன்னல் பக்கம் திரும்பி நின்னு அழணும்."

"ஜன்னலே இல்லயே."

"அதான் எனக்கும் தெரியல." இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு நின்றதும் ஸ்டெல்லா முகத்தை மூடிக்கொண்டாள். "எல்லாம் என்னாலதான். வாய மூடிக்கிட்டு அந்தத் தாள இருந்த இடத்துலயே அடச்சிருக்கணும். நல்லது பண்றதா நெனச்சு என்னத்தப் பண்ணி வெச்சிருக்கேன்னே புரியல மூக்கையா."

அவள் மறுபடி ஏட்டை எடுத்து முதலிலிருந்து கடைசி வரை படித்தாள். சின்ன வயதிலிருந்து மனப்பாடம்தான். ஆனால் இந்தத் தடவை, வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே ஒரு பெண் எழுதுவதாக நினைத்துப் படித்தாள். வெண்டைக்காய் எப்படி இருக்கும் என்று தெரியாததால் ஏதோ நீளமான பாசியை நறுக்குவதாக வைத்துக்கொண்டாள். அப்படிப் படித்தபோது, இதுவரை கண்ணில் படாத ஒன்று பட்டது.

இறக்கத்துக்கு இரண்டு நாள் முன்பு மன்றம் கூடியபோது அவள் கையைத் தூக்கினாள்.

"ஐயா, ஒரு சந்தேகம். வந்தனா கீழ இருந்த ஆறு மாசமும் ஹேடீஸ் எங்க இருந்தாரு?"

தேவசகாயம் அன்போடு சிரித்தார். "கீழேதான் அம்மா. அவர் பாதாளத்தின் அரசர் அல்லவா? நூற்று நாற்பதாம் பக்கம்: 'அவள் கையைப் பற்றியபடி அவனும் இருளுக்குள் இறங்கினான். ஒரு கணமும் அவளைப் பிரியவில்லை.'"

"அதுவும் கற்பனைதானே ஐயா?"

"யாவும் கற்பனையே."

"அப்ப ஆம்பளைங்களும் எங்க கூடவே இறங்கணும். பெரிய பொருளுரைஞருங்க உட்பட."

பின்வரிசையில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். பிறகு இன்னொருத்தி. சிறிது நேரத்தில் பெண்கள் பகுதி முழுவதும் குலுங்கியது. ஆண்கள் பகுதியில் யாரோ, "பனிக்குகையில எனக்கு மூச்சு ஒத்துக்காதே" என்று முணுமுணுத்தது எல்லாருக்கும் கேட்டது.

தேவசகாயம் மறுபடி உள்ளே போனார். இந்த முறை மூன்று நாள் தேவைப்படவில்லை. மறுநாள் மதியமே வெளியே வந்தார். கையில் பழுப்பேறிய ஒரு சொற்குறிப்பு. முதல் தலைமுறையினர் எழுதிவைத்தது. இத்தனை ஆண்டும் அது அலமாரியில்தான் இருந்தது, யாரும் புரட்டவில்லை.

"ஒரு அரிய செய்தி" என்றார். "கற்பனை என்ற சொல்லுக்கு இரண்டாவது பொருள் ஒன்று உண்டு. நடக்காத ஒன்றை மனத்தில் தோன்றியபடி சொல்வது. பொய்தான், ஆனால் குற்றமில்லாத பொய். ஆகவே ஹேடீஸ் கீழே இறங்கினார் என்பது கற்பனை. அதாவது, நடக்கவில்லை. ஆண்கள் இறங்க வேண்டியதில்லை."

ஸ்டெல்லாவுக்கு அந்தக் கடிதம் நினைவுக்கு வந்தது. தோன்றியது. மனத்தில் தோன்றியது! அந்தப் பெண் எழுதியிருந்ததன் பொருள் அதுதானா? ஒருத்தி இல்லாமலே இருக்க முடியுமா? அவள் எழுந்து நின்றாள்.

"அப்ப வந்தனா இறங்கினதும் நடக்கலதானே ஐயா? நாங்களும் போக வேண்டாம்தானே?"

"அது கற்பனை அம்மா."

"அதத்தான் ஐயா நானும் கேக்குறேன்."

"அங்கே கற்பனை என்றால் கட்டளை."

"ஒரே வரி. ஒரே வார்த்தை. அவங்களுக்கு ஒரு அர்த்தம், எங்களுக்கு ஒரு அர்த்தமா?"

தேவசகாயம் அவளைப் பார்க்காமல் சொற்குறிப்பை மூடினார். "தமிழ் வளமான மொழி அம்மா" என்றார்.

ஆண்கள் பகுதியில் பலத்த கைத்தட்டல் எழுந்தது.

மறுநாள் காலை மின்தூக்கிக்கு முன் நாற்பத்தொரு பெண்கள் வரிசையில் நின்றார்கள். ஸ்டெல்லா ஆறு மாத்திரைகளையும் விழுங்கினாள். நேற்றுவரை அவை வந்தனாவின் மாதுளை முத்துக்கள். இப்போது வெறும் மாத்திரையாக இருந்தன. ஒன்று தொண்டையில் சிக்கிக்கொண்டது. கோபப்படுவதா, வந்தனாவை நினைத்து அழுவதா என்று அவளுக்கே பிடிபடவில்லை. மூக்கையா பக்கத்தில் நடந்து வந்தான். அவள் உள்ளே ஏறித் திரும்பினாள். அவன் கையசைக்கவில்லை. அவனும் உள்ளே ஏறிவிட்டான்.

காவலர் திகைத்துப்போனார். "ஏய், என்னப்பா இது? எறங்கு."

"நானும் போறேன்."

"எந்தப் பக்கத்துல போட்டிருக்கு?"

"எந்தப் பக்கத்துலயும் போடல" என்றான் மூக்கையா. "நானாத்தான் வரேன்."

காவலர் கையேட்டைப் புரட்டினார். ஆண்கள் இறங்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. இறங்கக்கூடாது என்றும் எங்கேயும் இல்லை. இப்படி ஒரு நிலைமைக்கு அவரைப் பழக்கியிருக்கவில்லை. பெண்கள் அவரை வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் அவர் தலையைச் சொறிந்துகொண்டே பொத்தானை அழுத்திவிட்டார். "ஆனாலும்" சொல்லவே மறந்துபோனார்.

"ஏன் வந்த?" என்று இருட்டில் கேட்டாள் ஸ்டெல்லா.

"தெரியல. வரணும்னு தோணுச்சு."

அந்தச் சொல்லைக் கேட்டதும் அவள் அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மூக்கையா பனி வெட்டுவதில் படு மோசம். முதல் வாரமே இரண்டு வெட்டுளிகளை உடைத்தான். ஆனால் பாசியில் சூடாகக் கஞ்சி காய்ச்சத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான் என்பதால் பெண்கள் அவனைத் திருப்பி அனுப்ப விடவில்லை. அடுத்த வாரத் தூக்கியில் ஓர் ஆண் வந்தான். அதற்கடுத்த வாரம் மூன்று பேர். ஏன் வந்தோம் என்று விளக்க அவர்களுக்குத் தெரியவில்லை. கேட்டால் கூச்சத்தோடு சிரித்தார்கள். அந்த மாதங்களில் குகைக்குள் இருந்த சந்தோஷத்துக்கு எந்தப் பெயரையும் ஸ்டெல்லாவால் வைக்க முடியவில்லை. வைக்கவும் அவள் முயலவில்லை.

நான்காம் மாதம் ஒரு காலை, தூக்கி வழக்கத்தைவிட அதிகமாக முனகிக்கொண்டு வந்து நின்றது. கதவு திறந்தது. நாற்பது பெண்களுக்குப் பின்னால் நாற்பது ஆண்கள். எல்லார் முகமும் சுண்டிப்போயிருந்தது. முதல் ஆள் ஓரடி முன்னால் வந்து, நேராக நிமிர்ந்து, மனப்பாடமாக ஒப்பித்தான்:

"எந்தப் பக்கத்திலும் போடவில்லை. நானாகத்தான் வருகிறேன்."

அடுத்தவனும் அதையே சொன்னான். அதற்கடுத்தவனும். நாற்பது பேரும் ஒருவன் விடாமல் சொல்லி முடிக்கும்வரை மூக்கையா கஞ்சிக் கரண்டியோடு வாயைப் பிளந்து நின்றான்.

"என்னங்க இதெல்லாம்?" என்றாள் ஸ்டெல்லா.

"ஏழாவது கற்பனை" என்றான் ஒருவன் எரிச்சலோடு. "உன் புருஷன் சொன்னதக் காவலர் எழுதி வெச்சிட்டாரு. மன்றத்துல அத நூத்தி எண்பத்தேழாம் பக்கமா சேத்தாச்சு. எறங்காதவனுக்கு அரைத் தண்ணி. புண்ணியவான், நல்லா இருப்பா நீ!"

"நான் சும்மா, அவ கூட இருக்கலாம்னு..." என்று மூக்கையா இழுத்தான்.

அவனை யாரும் பேசவிடவில்லை. கூட்டத்திலிருந்து இருவர் முண்டியடித்துக்கொண்டு முன்னால் வந்தார்கள். ஒருவர் வயதானவர், ஒருவர் இளைஞர். இருவருக்கும் இடையே மேல்தளத்திலேயே ஏதோ கைகலப்பு நடந்திருக்க வேண்டும். ஒருவரின் சட்டை தோளில் கிழிந்திருந்தது.

"மத்ததெல்லாம் இருக்கட்டும்" என்றார் வயதானவர், மூச்சு வாங்க. "நீயே சொல்லிரு தம்பி. அன்னிக்குத் தூக்கியில ஏறறப்ப மொதல்ல எந்தக் கால வெச்ச? வலது காலுதானே?"

"இடது" என்றார் இளைஞர். "என் மச்சான் கண்ணால பாத்திருக்கான்."

மூக்கையா குனிந்து தன் இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தான். எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. உதவிக்கு ஸ்டெல்லாவைப் பார்த்தான். அவளுக்கும் தெரியவில்லை. அவர்கள் நிமிர்வதற்குள் நாற்பது பேரும் இரண்டு கூட்டமாகப் பிரிந்து, குகையின் இந்தச் சுவரோரம் பாதியும் அந்தச் சுவரோரம் பாதியுமாக நின்றுகொண்டிருந்தார்கள்.